விண்டோஸுக்குள்ளேயே இருந்தும் யாரும் தொடாத கருவிகள்: தெரிஞ்சதைச் சொல்லுங்க

பட்டறைப்பூனை:

வீட்டு முன்னறையிலேயே கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்றவன் நான். வர்ற லேப்டாப்பைத் திறந்தாலே "ஸ்பீடு பூஸ்டர்", "டிரைவர் அப்டேட்டர்", "பேட்டரி டாக்டர்"னு ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும். பாதிக்கு மேல வெறும் விளம்பரம். அதுங்க செய்யறதா சொல்ற வேலையில பலதும் விண்டோஸ்லயே இருக்கு, தேடிப் போறவங்கதான் இல்ல. அதுக்காகத்தான் இந்த இழை. விதி ஒண்ணே ஒண்ணு: எதையும் டவுன்லோடு பண்ணச் சொல்லக்கூடாது. நம்ம களத்து வழக்கப்படி கட்டளைகளையும் தமிழ் எழுத்துலயே போடுறோம், அடிக்கும்போது ஆங்கிலத்துல அடிச்சுக்குங்க.

முதல்ல என்னோடது. ஸ்டார்ட் மெனுவில "ரிலையபிலிட்டி"னு அடிச்சா "வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி" வரும். விஸ்டா காலத்துல இருந்தே இருக்கு. நாள்வாரியா ஒரு வரைபடம், 1ல இருந்து 10 வரைக்கும் மதிப்பெண். ஏதாவது புரோகிராம் விழுந்த நாள்ல சிவப்புப் பெருக்கல் குறி இருக்கும். அந்த நாளை கிளிக் பண்ணினா கீழ என்ன விழுந்துச்சு, எத்தனை மணிக்குன்னு வரும். அன்னைக்கு என்ன அப்டேட் ஏறிச்சு, என்ன சாஃப்ட்வேர் போட்டீங்கன்னும் அதே பட்டியல்லயே காட்டும்.

போன மாசம் ஒருத்தர் டெஸ்க்டாப்பைத் தூக்கிட்டு வந்தார். "திடீர் திடீர்னு ரீஸ்டார்ட் ஆகுதுப்பா, வைரஸா இருக்கும், ஃபார்மட் பண்ணிடு"ன்னார். திறந்து பார்த்தா தினமும் சாயங்காலம் ஆறு, ஆறேகால் வாக்குல ஒரு சிவப்புக் குறி, "விண்டோஸ் வாஸ் நாட் ப்ராப்பர்லி ஷட் டவுன்". மத்த நேரத்துல ஒண்ணுமே இல்ல. ஆறு மணிக்கு வீட்ல என்ன நடக்கும்னு கேட்டேன். தொட்டிக்குத் தண்ணி ஏத்த மோட்டார் போடுவாங்களாம். மோட்டார் எடுக்கும்போது வோல்டேஜ் இறங்குது, யூபிஎஸ் செத்துப்போய் ரொம்ப நாளாச்சு, அவ்வளவுதான் விஷயம். ஃபார்மட் பண்ணியிருந்தா மறுநாள் ஆறு மணிக்கு மறுபடியும் என் வாசலுக்கு வந்திருப்பார்.

இரவுஷிப்ட்:

நல்ல இழை. நான் சொல்றது பழைய லேப்டாப் வாங்கப் போறவங்களுக்கு.

கமாண்ட் ப்ராம்ப்ட்டை (கட்டளை அடிக்கிற கறுப்புத் திரை) திறந்து பவர்சிஎஃப்ஜி, ஒரு இடைவெளி, /பேட்டரிரிப்போர்ட். அவ்வளவுதான். ஒரு எச்டிஎம்எல் கோப்பு உருவாகும், பிரவுசர்ல திறக்கலாம். அதுல ரெண்டு எண்ணைப் பாருங்க. "டிசைன் கெப்பாசிட்டி"ங்கறது புதுசுல எவ்வளவு பிடிச்சுதுன்னு. "ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி"ங்கறது இப்ப முழுசா ஏத்தினா எவ்வளவு பிடிக்குதுன்னு. ரெண்டும் மில்லிவாட்-மணியில இருக்கும். ரெண்டாவதை முதல் எண்ணால வகுத்தா பேட்டரியோட ஆயுசு தெரிஞ்சிடும்.

கடைக்காரர் "பேட்டரி சூப்பரா நிக்கும் சார்"னு சொல்லிக்கிட்டே சார்ஜரைச் செருகி வச்சுத்தான் காட்டுவார். நீங்க பாட்டுக்கு அங்கயே நின்னு இந்தக் கட்டளையை அடிங்க. ஒரு நிமிஷம்கூட ஆகாது.

புதுவரவு:

சார், நானும் அடிச்சேன். "சேவ்டு டு ஃபைல் பாத்"னு ஏதோ வந்துச்சு, ஆனா டெஸ்க்டாப்ல கோப்பையே காணோம். அதுல "சைக்கிள் கவுன்ட்"னு ஒரு வரி இருக்கும்னாங்களே, அதை நம்பலாமா?

இரவுஷிப்ட்:

தம்பி, அந்த வரியிலேயே முழு முகவரியும் இருக்கும் பாருங்க. சாதாரணமா திறந்திருந்தா உங்க யூசர் ஃபோல்டர்ல விழும். அட்மினிஸ்ட்ரேட்டரா திறந்திருந்தா சிஸ்டம்32 உள்ள போய் விழும், அங்க தேடுங்க.

சைக்கிள் கவுன்ட்டைப் பெருசா எடுத்துக்காதீங்க. நிறைய மாடல்ல அங்க வெறும் கோடுதான் இருக்கும், பேட்டரி அந்தத் தகவலைக் கொடுக்கறதே இல்ல. அதுக்குப் பதிலா கீழ "பேட்டரி கெப்பாசிட்டி ஹிஸ்டரி" இருக்கு, வாரவாரியா எப்படி இறங்கிச்சுன்னு காட்டும். ஆனா விக்கறவர் விண்டோஸைப் புதுசாப் போட்டுக் கொடுத்திருந்தா அந்த வரலாறு இருக்காது. மேல சொன்ன ரெண்டு எண் மட்டும்தான் மிஞ்சும்.

கறார்:

எல்லாம் சரி. ஒரு கேள்வி. இவ்வளவு நல்ல கருவின்னா மைக்ரோசாஃப்ட் ஏன் இதைக் கண்ணுக்குத் தெரியிற இடத்துல வைக்கல? ஒரு பேட்டரி எண்ணைப் பார்க்கக் கறுப்புத் திரையில கட்டளை அடிக்கணுமா? வெளியில இலவசமா கிடைக்கிற நல்ல மென்பொருள்கள் இதையே படம் போட்டுக் காட்டும். டவுன்லோடு பண்ணாதேன்னு சொல்றது பிடிவாதம். கண்டதையும் போடாதேன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன்.

அலுவலகக்குருவி:

கறார் சார், உங்கள் வீட்டுக் கணினியில் நீங்கள் ராஜா. என் அலுவலகக் கணினியில் ஒரு வால்பேப்பரைக்கூட மாற்ற முடியாது. புதிதாக எதையாவது போட வேண்டுமென்றால் ஐடி பிரிவுக்கு டிக்கெட் போட்டு, மேலதிகாரி ஒப்புதல் வாங்கி, அதற்குள் வேலையே முடிந்துவிடும். எங்களைப் போன்றவர்களுக்கு உள்ளே இருப்பதுதான் கதி.

அப்படி நான் பிடித்துக்கொண்டது விண்டோஸ் கீ + வி. காப்பி செய்ததெல்லாம் வரிசையாக நிற்கும். முதல் தடவை அழுத்தும்போது "டர்ன் ஆன்" கேட்கும், ஒரு முறை அழுத்தினால் போதும். 2018 அக்டோபர் அப்டேட்டில் விண்டோஸ் 10க்கு வந்தது, ஆனாலும் என் பிரிவில் பாதிப் பேர் இன்னமும் ஒவ்வொன்றாகக் காப்பி பண்ணி, ஜன்னல் மாற்றி, பேஸ்ட் பண்ணி, திரும்ப வந்துகொண்டிருக்கிறார்கள். நான் ஒரு விண்ணப்பத்தைப் பார்த்துப் பெயர், முகவரி, பின்கோடு, கணக்கு எண் என்று நான்கையும் அடுத்தடுத்து காப்பி செய்துகொள்வேன். பிறகு எங்கள் மென்பொருளுக்குப் போய் ஒவ்வொரு கட்டத்திலும் விண்டோஸ் கீ + வி அழுத்தி வேண்டியதைத் தேர்ந்தெடுப்பேன்.

25 வரை நினைவில் வைத்திருக்கும், அதற்கு மேல் போனால் பழையது விழுந்துவிடும். ரீஸ்டார்ட் செய்தால் எல்லாம் போய்விடும், பின் குத்தி வைத்தவை மட்டும் இருக்கும். தினமும் அடிக்கும் "தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது" வகையறா வாக்கியங்களை நான் பின் குத்தி வைத்திருக்கிறேன்.

பட்டறைப்பூனை:

அக்கா சொன்னதோட ஒரு எச்சரிக்கையும் சேர்த்துக்குங்க. பாஸ்வேர்டை காப்பி பண்ணினா அதுவும் அந்த வரிசையில வந்து உட்காரும். பிரவுசிங் சென்டர், லைப்ரரி மாதிரி பொதுக் கம்ப்யூட்டர்ல எழுந்து போறதுக்கு முன்னாடி விண்டோஸ் கீ + வி போட்டு "கிளியர் ஆல்" அழுத்துங்க. பின் குத்தினதை அது தொடாது, அதைத் தனியா எடுக்கணும்.

தட்டச்சுக்காரி:

நம்ம ஆட்களுக்கே தெரியாத ஒன்று சொல்கிறேன். தமிழில் தட்டச்சு செய்ய இன்னமும் பலர் எங்கிருந்தோ ஒரு பழைய கீபோர்டு மென்பொருளை இறக்குகிறார்கள். விண்டோஸிலேயே தமிழ் 99, அஞ்சல் என்ற இரண்டு விசைப்பலகை முறைகளும் இருக்கின்றன. செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்து, அதன் "ஆப்ஷன்ஸ்" உள்ளே கீபோர்டைத் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான். மாற்றுவதற்கு விண்டோஸ் கீ + ஸ்பேஸ். ஆங்கில ஒலிப்பில் அடித்துப் பழகியவர்களுக்கு 2019 மே அப்டேட்டில் ஃபோனெடிக் கீபோர்டும் வந்துவிட்டது, தமிழோடு சேர்த்துப் பத்து இந்திய மொழிகளுக்கு.

1999இல் அரசு ஏற்ற விசைப்பலகை தமிழ் 99. விண்டோஸில் உட்கார இருபது வருடம் ஆனது. வந்த பிறகும் "தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் ஃப்ரீ டவுன்லோட்" என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.

கை வலித்தால் விண்டோஸ் கீ + எச். விண்டோஸ் 11இல் தமிழிலேயே பேசலாம், எழுத்தாகும். இணையம் வேண்டும். மெதுவாகப் பேசினால் நன்றாகவே எடுக்கிறது, ஆனால் ஒற்று மிகும் இடங்களில் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள்.

பனிக்காடு:

நான் டொரொண்டோவில இருக்கிறன். அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்தில. அவையின்ர லாப்டாப்பில ஏதும் பிரச்சினை எண்டா முந்தி வட்ஸ்அப் வீடியோவில ஃபோனை ஸ்கிரீனுக்கு நேர பிடிக்கச் சொல்லிச் சொல்லியே என்ர தொண்டை வத்திப்போகும். இப்ப குயிக் அசிஸ்ட்தான், இங்க இருந்தே அவையின்ர ஸ்கிரீனைப் பாத்துத் திருத்தலாம். விண்டோஸ் கீ, கண்ட்ரோல், கியூ மூண்டையும் சேர்த்து அமத்தினா வரும். நான் என்ர பக்கத்தில மைக்ரோசாஃப்ட் கணக்கால உள்ள போய் ஒரு கோட் எடுப்பன். அப்பா அந்தக் கோடை அடிச்சா சரி, அவருக்குக் கணக்கு ஒண்டும் தேவையில்லை. கோட் பத்து நிமிசம்தான் செல்லும். பிறகு நான் கட்டுப்பாடு கேப்பன், அவர் "அலவ்" அமத்தோணும்.

ஒரு விசயம் தெரிஞ்சிருந்தா நல்லது. அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி கேட்டு வாற பெட்டி வந்தா என்ர பக்கம் ஸ்கிரீன் கறுத்துப்போகும். பழுதாப்போச்செண்டு நினைச்சு வெட்டிப்போடாதேங்கோ. அங்கால இருக்கிற ஆள் "யெஸ்" குடுத்த உடன திரும்ப வரும்.

இரவுஷிப்ட்:

பனிக்காடு சொன்னது நல்ல கருவி, ஆனா இதே கருவியை வச்சு ஏமாத்தறவங்களும் இருக்காங்க. 2024 மே மாசம் மைக்ரோசாஃப்ட்டே ஒரு எச்சரிக்கை விட்டுச்சு. ஸ்டார்ம்-1811னு அவங்க பேர் வச்ச ஒரு கும்பல், ஒருத்தரோட மெயில்பெட்டியில ஸ்பாம் மெயிலை மழையாக் கொட்ட வைக்கும். அப்புறம் "உங்க ஐடி டிபார்ட்மென்ட்ல இருந்து பேசறோம், சரி பண்ணித் தர்றோம்"னு ஃபோன் போட்டு குயிக் அசிஸ்ட்டைத் திறக்கச் சொல்லும். உள்ள வந்ததும் ரான்சம்வேர் (கோப்பைப் பூட்டிட்டுப் பணம் கேக்கறது) வரைக்கும் போயிருக்கு.

உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒண்ணு சொல்லி வைங்க: நாம கூப்பிட்டுக் கேட்டாதான் உதவி. தானா வந்து உதவறேன்னு சொல்றவனுக்குக் கோடும் கிடையாது, ஓடிபியும் கிடையாது.

கறார்:

பனிக்காடு, இரவுஷிப்ட் ரெண்டு பேர் பேச்சுலயும் இந்த டவுன்லோடு விதிக்குப் பதில் இருக்கு. உள்ளே இருக்கற கருவின்னா பாதுகாப்புன்னு ஒரு நினைப்பு. அப்படி ஒண்ணும் இல்ல. சரி, என் பங்குக்கு நானும் ஒண்ணு சொல்றேன், விதியை மீறாம: ரோபோகாப்பி, கட்டளை அடிச்சுக் கோப்புகளை நகல் எடுக்கற கருவி. விஸ்டாவுல இருந்து எல்லா விண்டோஸ்லயும் இருக்கு. பெரிய ஃபோல்டரை எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்குக்கு மாத்தும்போது எக்ஸ்ப்ளோரர் பாதியில நின்னா எது போச்சு, எது போகலன்னே தெரியாது. ரோபோகாப்பியில அதே கட்டளையைத் திரும்ப அடிச்சா போனதைத் தாண்டிட்டு மிச்சத்தை மட்டும் எடுக்கும். மூல ஃபோல்டர், சேர வேண்டிய ஃபோல்டர், கடைசியில /இ (உள்ள இருக்கற ஃபோல்டர்களும் சேர்ந்து வர). முடிஞ்சுது.

பட்டறைப்பூனை:

கறாரே கருவி சொல்ற அளவுக்கு வந்தாச்சு 🙂

ஆனா ரோபோகாப்பியில ரெண்டு விஷயம் சொல்லாம விட்டா ஆபத்து.

ஒண்ணு /எம்ஐஆர். மிர்ரர்னு பேரு. இணையத்துல பாதிப் பேர் இதைத்தான் எழுதி வச்சிருக்காங்க. மூலத்துல இல்லாத கோப்பு சேருமிடத்துல இருந்தா அதை அழிச்சிடும், ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது. என்கிட்ட வந்த ஒரு போட்டோகிராஃபர் தம்பி, கல்யாண ஆல்பம் எல்லாம் இருக்கற டிஸ்க்கோட மேல் ஃபோல்டரையே சேருமிடமாக் கொடுத்து எங்கயோ பார்த்த /எம்ஐஆர் கட்டளையை ஓட்டிட்டார். மெமரி கார்டுல இருந்த ஒரு நிகழ்ச்சி மட்டும் மிச்சம். ரெக்கவரியில பாதிதான் கிடைச்சுது. அதனால முதல் தடவை எப்பவும் கடைசியில /எல் சேர்த்து ஓட்டுங்க. எதையும் செய்யாம, செஞ்சா என்ன ஆகும்னு பட்டியல் மட்டும் போடும். "எக்ஸ்ட்ரா ஃபைல்"னு வர்றதெல்லாம் /எம்ஐஆர் போட்டா அழியப்போற கோப்பு.

ரெண்டு, ஏதாவது ஒரு கோப்பைப் படிக்க முடியலன்னா ரோபோகாப்பி மறுபடி மறுபடி முயற்சி பண்ணும். இயல்பா எத்தனை தடவை தெரியுமா? 10 லட்சம் தடவை, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல 30 விநாடி. கெட்டுப்போன டிஸ்க்குல ஓட்டினா நம்ம பேரன் காலத்துலதான் முடியும். /ஆர்:2 /டபிள்யூ:5 சேர்த்துக்குங்க. ரெண்டு தடவை பார்த்துட்டு அடுத்ததுக்குப் போயிடும்.

புதுவரவு:

சார், வேற ஒரு சந்தேகம். நைட்டு லேப்டாப்பை மூடிப் பையில போட்டு வைக்கிறேன். காலையில எடுத்தா பை கொதிக்குது, சார்ஜும் பாதி போயிருக்கு. இதுக்கு உள்ளயே ஏதாவது கருவி இருக்கா?

இரவுஷிப்ட்:

இருக்கு. திரும்பவும் அதே பவர்சிஎஃப்ஜிதான். முதல்ல பவர்சிஎஃப்ஜி /ஏ அடிச்சு, உங்க லேப்டாப்ல எந்த வகைத் தூக்கம்னு பாருங்க.

"ஸ்டாண்ட்பை எஸ்3"னு வந்தா பழைய வகை. அதுல பவர்சிஎஃப்ஜி /லாஸ்ட்வேக் அடிச்சா கடைசியா யார் எழுப்பினதுன்னு சொல்லும். பெரும்பாலும் மவுஸ், நெட்வொர்க் கார்டு, இல்ல ஏதாவது டைமர். டைமர் பட்டியலுக்கு /வேக்டைமர்ஸ், அதை அட்மினிஸ்ட்ரேட்டராத் திறந்து ஓட்டணும். டிவைஸ் மேனேஜர்ல அந்தச் சாதனத்தோட பவர் மேனேஜ்மென்ட் பக்கத்துல "அலவ் திஸ் டிவைஸ் டு வேக் தி கம்ப்யூட்டர்" டிக்கை எடுத்துட்டா சரி.

"எஸ்0 லோ பவர் ஐடில்"னு வந்தா புது வகை. அது ஃபோன் மாதிரி, திரை அணைஞ்சாலும் உள்ள கொஞ்சம் முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கும். அதுக்கு /லாஸ்ட்வேக் உதவாது. பவர்சிஎஃப்ஜி /ஸ்லீப்ஸ்டடி ஓட்டுங்க, அட்மினிஸ்ட்ரேட்டரா. பேட்டரி ரிப்போர்ட் மாதிரியே ஒரு எச்டிஎம்எல் வரும். நேத்து ராத்திரி தூக்கத்தோட வரிசையை கிளிக் பண்ணினா எவ்வளவு சார்ஜ் குறைஞ்சுது, "டாப் அஃபெண்டர்ஸ்"னு தூங்கவிடாத ஆட்கள் யாருன்னு பேரோட இருக்கும்.

புதுவரவு:

எஸ்0தான் சார். ஸ்லீப்ஸ்டடி பார்த்தேன். ராத்திரி தூக்கம் முழுக்கச் சிவப்பா இருக்கு. மேல நிக்கறது வைஃபை அடாப்டர்.

இரவுஷிப்ட்:

அப்ப முதல்ல லேப்டாப் கம்பெனி தளத்துல இருந்து வைஃபை டிரைவரைப் புதுப்பிச்சுப் பாருங்க. (பூனை, இது விதிமீறல் இல்ல, டிரைவர்தான்.) அப்படியும் சரியாகலன்னா ராத்திரிக்கு ஸ்லீப்பை விட்டுட்டு ஹைபர்னேட் போடுங்க, திறந்திருந்ததை டிஸ்க்குல எழுதி வச்சுட்டு முழுசா அணைஞ்சிடும். கண்ட்ரோல் பேனல்ல பவர் ஆப்ஷன்ஸ், "சூஸ் வாட் க்ளோஸிங் தி லிட் டஸ்" போய் மூடினா ஹைபர்னேட் ஆகற மாதிரி வச்சுக்கலாம். திறக்க அஞ்சு பத்து விநாடி கூட ஆகும், ஆனா பை கொதிக்காது.

அலுவலகக்குருவி:

ஸ்டெப்ஸ் ரெக்கார்டர் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று பார்த்தேன். பி-எஸ்-ஆர் என்று அடித்தால் வருமே, அது. விண்டோஸ் 7இல் வந்தது. "ஸ்டார்ட் ரெக்கார்ட்" அழுத்திவிட்டு வழக்கம்போல வேலை செய்தால், ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எதை அழுத்தினோம் என்று கீழே ஒரு வரியும் எழுதி, எல்லாவற்றையும் ஜிப்பாகக் கட்டிக் கொடுத்துவிடும். நாம் தட்டச்சு செய்யும் எழுத்துகளைத் தனியாகப் பதியாது. இயல்பாக 25 படம்தான் வைத்துக்கொள்ளும், செட்டிங்ஸில் கூட்டிக்கொள்ளலாம். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு வேலை சொல்லிக்கொடுக்க இதைவிட எளிதான வழி எனக்குத் தெரியாது. ஐடி பிரிவுக்கு டிக்கெட் போடும்போது இந்த ஜிப்பை இணைத்தால் "எர்ரர் எங்கே வருது மேடம்" என்ற கேள்வியே வராது.

கறார்:

அதுக்குத்தான் ஆயுசு முடியப்போகுதே. இனி அப்டேட் கிடையாது, வரப்போற விண்டோஸ்ல எடுத்துடுவோம்னு அதோட ஜன்னல்லயே இப்ப அறிவிப்பு வருது. ஸ்னிப்பிங் டூலைப் பயன்படுத்துன்னு சொல்றாங்க. வேர்டுபேடும் அப்படித்தான், 95ல இருந்து இருந்தது, விண்டோஸ் 11 24எச்2ல தூக்கிட்டாங்க. உள்ளே இருக்கறதை நம்பி ஒரு வேலைமுறையைக் கட்டினா, ஒரு நாள் அப்டேட்ல அது காணாமப் போகும். வெளி மென்பொருளோட பழைய நிறுவல் கோப்பை நாமளாவது பத்திரமா வச்சுக்கலாம்.

அலுவலகக்குருவி:

ஸ்னிப்பிங் டூல் வீடியோ எடுக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். ஸ்டெப்ஸ் ரெக்கார்டர் கொடுத்தது அச்சடித்து மேசையில் ஒட்டி வைக்கக்கூடிய ஒரு தாள். அதற்கு மாற்று இன்னும் உள்ளே வரவில்லை. இந்த ஒரு விஷயத்தில் கறார் சார் பக்கம்தான் நான்.

பட்டறைப்பூனை:

எனக்கும் அதுல வருத்தம்தான். ஆனா போறது மட்டும் இல்ல, வர்றதும் இருக்கு கறார். ரார், செவன் ஜிப் கோப்பைத் திறக்க முன்னாடி எல்லாம் வெளியில இருந்து ஒண்ணு போட்டே ஆகணும். 2023 கடைசியில இருந்து விண்டோஸ் 11 எக்ஸ்ப்ளோரரே திறக்குது. பாஸ்வேர்டு போட்ட கோப்புன்னா மட்டும் அதை நம்பி உட்காராதீங்க.

வைஃபை பாஸ்வேர்டும் அப்படித்தான். சொந்தக்காரங்க வந்து கேட்டா ரவுட்டரைத் திருப்பிப் பார்க்க வேண்டியதில்ல. விண்டோஸ் 11னா செட்டிங்ஸ்ல சேமிச்ச நெட்வொர்க்கோட பக்கத்துலயே பார்க்கலாம். விண்டோஸ் 10ல நெட்-எஸ்-எச் கட்டளை இருக்கு: நெட்எஸ்எச் டபிள்யூலேன் ஷோ ப்ரொஃபைல், நெட்வொர்க் பேர், கீ=கிளியர். "கீ கன்டென்ட்" வரியில இருக்கறதுதான் பாஸ்வேர்டு. இன்னும் 10ல இருக்கறவங்க கவனிக்க: 2025 அக்டோபர் 14ஓட அதுக்கு இலவச ஆதரவு முடிஞ்சுடுச்சு.

தட்டச்சுக்காரி:

"திஸ் ஃபைல் இஸ் ஓப்பன் இன் அனதர் ப்ரோகிராம்" என்று சொல்லி ஒரு கோப்பை அழிக்க விடமாட்டேன் என்கிறதே, அதற்கு உள்ளே ஏதாவது உண்டா? எந்த ப்ரோகிராம் என்று மட்டும் சொல்லவே சொல்லாது.

பட்டறைப்பூனை:

உண்டு. ஸ்டார்ட்ல "ரிசோர்ஸ் மானிட்டர்". சிபியு பக்கத்துக்குப் போங்க, கீழ "அசோசியேட்டட் ஹேண்டில்ஸ்"னு ஒரு பட்டை, அதோட தேடல் பெட்டியில கோப்போட பேர்ல கொஞ்சம் அடிங்க. எந்த ப்ரோகிராம் பிடிச்சு வச்சிருக்குன்னு வந்துடும். வேர்டு, எக்ஸெல் மாதிரி தெரிஞ்ச பேரா இருந்தா அங்கயே ரைட் கிளிக் பண்ணி "எண்ட் ப்ராசஸ்" கொடுக்கலாம், சேமிக்காத வேலை எதுவும் திறந்திருக்கான்னு மட்டும் பார்த்துக்குங்க. எக்ஸ்ப்ளோரர்னு வந்தா பெரும்பாலும் ப்ரிவியூ பேன்தான் காரணம், ஆல்ட் + பி அழுத்தி அதை மூடிட்டு அழிச்சுப் பாருங்க. சிஸ்டம்னு வந்தா கை வைக்காதீங்க, ரீஸ்டார்ட் பண்ணிட்டு அழிங்க.

தட்டச்சுக்காரி:

எக்ஸ்ப்ளோரர்தான். ஆல்ட் + பி போட்டதும் அழிந்துவிட்டது. நன்றி.

நெறியாளர்:

"லினக்ஸ்ல இதெல்லாம் எப்பவோ இருக்கு" என்று வந்த பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே தொடருங்கள்.